துரு என்று எழுதிக் கொடுத்த துப்பாக்கி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அதில் ஒன்றுமில்லை. மின்னல் விழுந்தால் மரம் தானாகவே பற்றிக்கொள்ளும். நெருப்பு வைத்திருந்தவனிடம் போய், "இதெல்லாம் ஒரு நெருப்பா? வெறும் புகைதானே வருகிறது?" என்று முகத்தைச் சுளித்து, கால் விலைக்கு வாங்கிவந்தானே ஒருவன், அவனிடமிருந்துதான் நாகரிகம் தொடங்குகிறது. அந்த மகானின் வழித்தோன்றல்களில் ஒருவன் என்ற தகுதியில், நான் தொண்ணூறு பிராங்குக்கு ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி வாங்கிய வரலாற்றைப் பதிவு செய்கிறேன்.

என் பெயர் ஓட்மார் லூத்தி. பெர்ன் மாநிலத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் முல்டன் கிராமத்தில், களச் சுடுவோர் சங்கத்துக்குப் பதினேழு ஆண்டுகளாக நான்தான் செயலாளர். சங்கத்தில் நாற்பத்தொரு உறுப்பினர்கள். அவர்களில் பாதிப் பேர் சுட வருகிறவர்கள், மீதிப் பேர் சுட்ட தொத்திறைச்சிக்காக வருகிறவர்கள். முப்பத்தெட்டுப் பக்க விதிப் புத்தகம் முழுவதும் என் கையால் எழுதியது. முதல் விதி: 'உறுப்பினர் நேர்மையாகச் சுட வேண்டும்.' சுடுவதில் எத்தனை வகை உண்டு என்பதை அந்த விதி விளக்கவில்லை. அவ்வளவு நுணுக்கமாக எழுதினால் உறுப்பினர் சேர்க்கை பாதிக்கும்.

சென்ற ஏப்ரலில், வீட்டுக்கு வீடு இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்திருந்தது. 'பழைய ராணுவத் துப்பாக்கி, 1931 மாதிரி. கணவர் போய்விட்டார். 400 பிராங்க். எல்ஸ்பெத் ஹோஃபர், ஸ்டால்டன்.'

ஸ்டால்டன் எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களை எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் 'கணவர் போய்விட்டார்' என்ற இரண்டே சொற்கள் என் நெஞ்சைப் பிசைந்துவிட்டன. துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கியின் நிலவரம் எங்கே தெரியப்போகிறது என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்த எண்ணம், யாராவது முந்திக்கொள்வதற்குள் போய் ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்பது.

என் மனைவி ட்ரூடி விளம்பரத்தைப் படித்தாள். வீட்டில் ஏற்கெனவே நான்கு துப்பாக்கிகள் இருப்பதை நினைவூட்டினாள். நான் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டுப் போ, ஓட்மார். அந்தம்மா முகம் நல்லாத் தெரிஞ்சா உன்னால பேரம் பேச முடியாது."

சங்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல விலைக்குக் கிடைக்கும் பொருள், காளான் முளைக்கும் இடம் மாதிரி. சொந்த அண்ணன் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஆறு பிராங்குக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி, விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு மஞ்சள் தபால் பேருந்தில் ஏறினேன்.

ஹோஃபர் அம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். துக்கத்தை அடக்க உடலுழைப்புதான் சிறந்த மருந்து என்று எண்ணி நெகிழ்ந்தேன். என்னை உள்ளே உட்காரவைத்துப் பழச்சாராயம் கலந்த காபி கொடுத்தார். நடையில் ஓர் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதலில் துக்கம் விசாரிப்பதுதான் முறை.

"திடீர்னா?" என்று கேட்டேன்.

"திடீர்னுதான். காலையில காபி குடிச்சாரு, தொப்பிய எடுத்தாரு, போயிட்டாரு."

"இதயமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. இதயம்தான்."

"ரொம்ப வேதனைப்பட்டாரோ?"

"அவர் எங்க பட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு."

கொடுத்துவைத்தவர் என்றேன். அதை ஒப்புக்கொள்வது போல அவர் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். போதுமான அளவு துக்கம் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து நடைக்குப் போனேன்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது சொல்வதால் நஷ்டமில்லை. அக்ரூட் மரத்தில் செய்த அதன் கட்டையில் ஒரு கீறல் கிடையாது. தோட்டாவை உள்ளே ஏற்றும் போல்ட்டை நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். வங்கிப் பெட்டகத்தின் கதவு மாதிரி, சத்தமில்லாமல், மரியாதையாக மூடிக்கொண்டது. உடலிலும் போல்ட்டிலும் பொறித்திருந்த எண்கள் ஒன்றாக இருந்தன. எழுபது வயதுத் துப்பாக்கி ஒன்று, தான் பிறந்த உறுப்புகளோடேயே இருப்பது அபூர்வம். மனிதர்களிலேயே அப்படி அதிகம் பேர் இல்லை. குழலுக்குள் பார்த்தேன். கண்ணாடி போல மின்னியது.

"துரு," என்றேன்.

"அப்படியா?"

"உள்ள பூரா துரு. கட்டை செல்லரிச்சுக் கிடக்கு. இந்த நம்பரெல்லாம் பாருங்க, ஒண்ணுபோலவே இருக்கு. இதுவே சந்தேகமாத்தான் இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். தனக்கு என்ன தெரியும், வீட்டில் இருந்தவரை கணவர் யாரையும் தொடவிட்டதில்லை என்றார். நானூறு என்பது அவர் சொல்லிவைத்த விலையாம். நான் தலையை ஆட்டினேன். முந்நூறு என்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். இருநூறு என்றார். கதவுவரை நடந்தேன். மொத்தத்தில் நான் நடந்த தூரம் ஏழு அடி இருக்கும். அடிக்கு நாற்பத்து நான்கு பிராங்க் மிச்சம். உலகத்தில் எந்த உடற்பயிற்சிக்கும் இப்படிப் பலன் கிடையாது.

தொண்ணூறுக்கு முடிந்தது.

எங்கள் நாட்டில் துப்பாக்கி கை மாறினால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்; இருவரும் பத்து ஆண்டுகள் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஹோஃபர் அம்மாள் படிவத்தைத் தயாராக வைத்திருந்தார். 'பொருளின் நிலை' என்ற இடத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்.

"இப்ப சொன்னதெல்லாம் இங்க எழுதிடுங்க. நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்க."

அந்த வெள்ளை மனம் என்னை உருக்கிவிட்டது. எழுதினேன். 'குழல் முற்றிலும் துருப்பிடித்தது. கட்டை செல்லரித்தது. சுடுவதற்கு உதவாது, சுட்டால் ஆபத்து. சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டும். இவ்வகைத் துப்பாக்கி தொண்ணூறு பிராங்குக்கு மேல் பெறாது.' கடைசி வரி எனக்குத் தோன்றியதல்ல. அவர்தான் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

"கீழ உங்க பதவியையும் போட்டுடுங்க. விவரம் தெரியாத ஆள் எழுதினதுன்னு இருக்கக் கூடாது."

பதவியை எழுதச் சொன்னால் நான் முத்திரையையும் சேர்த்தே குத்துவேன். அது எப்போதும் என் கைப்பையில் இருக்கும். குத்தினேன்.

திரும்பும்போது துப்பாக்கியை வெறுமனே தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தால் பேருந்தில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அது குடை மாதிரி. ஆனால் சங்கத்துக்காரர் கண்ணில் படக் கூடாதே என்று பனிச்சறுக்குக் கட்டைகளுக்கான உறையில் போட்டு எடுத்துவந்தேன். பனி உருகி மூன்று வாரம் ஆகியிருந்தது. பேருந்து முழுவதும் என்னையே பார்த்தது.

முல்டன் நிறுத்தத்தில் இறங்கினால், எதிர்ப்பேருந்துக்காகச் சங்கப் பொருளாளர் மெல்கியோர் நின்றுகொண்டிருந்தார். காப்பீட்டு முகவர், ஆபத்து எங்கிருந்தாலும் மோப்பம் பிடிக்கிறவர். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கையில் ஒரு பூந்தொட்டி. தோளில் தூண்டில் உறை, இரண்டு தூண்டில்கள் கொள்ளும் அகலம். எங்கே என்று கேட்டேன். ஸ்டால்டன் பக்கம் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னார். ஸ்டால்டனில் தண்ணீர் என்றால் குழாயில் வருவதுதான். பூந்தொட்டியோடு எந்த மீனைப் பார்க்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. என் உறையைப் பற்றி அவரும் கேட்கவில்லை. நாகரிகம் என்பது இதுதான்.

அடுத்த வாரம் செயற்குழு கூடியது. தலைவர் ஆம்புரோஸ், பாற்கட்டி செய்கிறவர், கனத்த குரலில் ஒரு வேண்டுகோள் வைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு துப்பாக்கிப் பிரியர் காலமாகிவிட்டாராம். பெயர் அவசியமில்லையாம். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாமா என்றார். நான், மெல்கியோர், உபதலைவர், கொடிதாங்கி எல்லோரும் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டோம். அத்தனை உருக்கமான மௌனத்தை எங்கள் சங்கம் அதற்கு முன் கண்டதில்லை. கொடிதாங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துக்கம் விசாரித்துவிட்டு வந்த ஒருவருக்காக இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று வியந்தேன். நட்பு என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

பிறகு வசந்தகாலப் போட்டி பற்றிப் பேச்சு வந்தது. இந்த ஆண்டு முதன்முறையாகப் 'பழம்பெரும் ராணுவத் துப்பாக்கி'ப் பிரிவு ஒன்று வைக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள். பரிசு, புகையில் வாட்டிய முழுப் பன்றித் தொடை.

மே மாத முதல் ஞாயிறு. வெயில் நன்றாக அடித்தது. ஆற்றங்கரையில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் இலக்குப் பலகைகள் வெள்ளையாகத் தெரிந்தன. ட்ரூடி அடுப்படியில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பெருமிதத்துடன் உறையைத் திறந்து துப்பாக்கியை மேசையில் வைத்தேன். பக்கத்தில் மெல்கியோர் தூண்டில் உறையைத் திறந்தார். தலைவர் ஒரு கம்பளத்தைச் சுருள் பிரித்தார். உபதலைவர் திரைச்சீலைக் குழாய்க்குள்ளிருந்து எடுத்தார். கொடிதாங்கி கொடியை விரித்தார்; உள்ளே அது இருந்தது.

ஐந்து துப்பாக்கிகள். ஐந்தும் 1931 மாதிரி. ஐந்தின் பின்கட்டையிலும் ஒரே கையெழுத்தில் 'கொ. ஹோஃபர்' என்று சின்னதாகப் பொறித்திருந்தது.

செயற்குழுவில் எழுந்து நின்று கடைப்பிடித்த மௌனத்தைவிட இந்த மௌனம் ஆழமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் ரேகுலா வந்தாள். சுடுகூட மேற்பார்வை அவளுடையது. தொழில் மாட்டு வைத்தியம். துப்பாக்கியையும் அவள் மூக்கிலிருந்து வால்வரை தடவித்தான் பார்ப்பாள். புதிதாக வாங்கிய துப்பாக்கி என்றால் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும் என்பது பதினான்காம் விதி. அதை எழுதிய கை என்னுடையது என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. என் தாளை வாங்கினாள். சத்தமாகப் படிப்பது அவளுடைய வழக்கம்.

'குழல் முற்றிலும் துருப்பிடித்தது' என்று படித்துவிட்டுக் குழலுக்குள் பார்த்தாள். துரு எங்கே என்றாள். துடைத்துவிட்டேன் என்றேன். செல்லரித்தது என்னவாயிற்று என்றாள். அதுவும் பரவாயில்லை, குணமாகிவிட்டது என்றேன்.

"புழுவுக்கு மருந்து குடுத்தீங்களா, செயலாளரே?"

வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அடுத்து தலைவருடையது. 'சுட்டால் பின்பக்கம் வெடித்து, சுடுபவரின் முகம் அடையாளம் தெரியாமல் போகலாம்.' மெல்கியோருடையது: 'இப்பொருள் இருக்கும் வீட்டுக்கு எந்த நிறுவனமும் காப்பீடு தராது.' உபதலைவர், இதைச் செய்தவன் குடித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கொடிதாங்கி எழுத்தில் சிக்கனமானவர். 'குப்பை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐந்து தாளிலும் பதவி இருந்தது. ஐந்திலும் அந்தக் கடைசி வரி இருந்தது.

ரேகுலா தாள்களை அடுக்கி வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டுல ஒண்ணுதான். நீங்க எழுதினது நிஜம்னா, இது ஆபத்தான துப்பாக்கி, சுட விட மாட்டேன். பொய்னா, ஒரு பொம்பளைகிட்டப் பொய் எழுதிக் குடுத்து வாங்கியிருக்கீங்க. முதல் விதிப்படி அப்பவும் சுட விட மாட்டேன். எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு நொடியில் எங்களுக்குள் ஏற்பட்ட ஒற்றுமை, சங்க வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத் தக்கது. ஆபத்தானவைதான் என்று ஒரே குரலில் சொன்னோம். என் காதுகள் அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தன. கண்ணாடி போல மின்னிய அந்தக் குழலை நானே துணியால் மூடி ஓரமாக வைத்தேன். பெற்ற பிள்ளையைப் பைத்தியம் என்று பொதுவில் சொன்னவன் மாதிரி இருந்தது.

அப்போது விருந்தினர் வரிசையில் ஹோஃபர் அம்மாள் வந்தார். தோளில் ஒரு துப்பாக்கி. எங்கள் ஐந்துக்கும் அக்கா மாதிரி, அதைவிட அழகு. தலைவர் ஒருவர்தான் சுயநினைவோடு இருந்தார். தொப்பியைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும், அவருடைய அருமைக் கணவரின் மறைவுக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்தார்.

"மறைவா? யாரு செத்தது?" என்றார் ஹோஃபர் அம்மாள். "போயிட்டாருன்னுதான சொன்னேன். லுகானோவுக்குப் போயிட்டாரு. அக்கார்டியன் வாசிக்கிறவளோட."

அடுப்படியில் இடுக்கி கீழே விழும் சத்தம் கேட்டது. ட்ரூடி சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோஃபர் அம்மாளுக்கு ஒளிவுமறைவு கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கணவர் கொன்ராட் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர்; ராணுவம் கழித்துக்கட்டிய துப்பாக்கிகளை வாங்கி வாங்கிப் பரணில் இருபத்திரண்டு சேர்த்துவைத்திருந்தார். மணமுறிவு வழக்கில், ஒவ்வொன்றும் நானூறு பெறும், பாதிப் பணம் கொடு என்று கேட்டார். துப்பாக்கியாகவே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அக்கார்டியன்காரி வீட்டுக்குள் விடமாட்டாளாம். விலை சொல்ல ஒரு நிபுணரை அழைத்துவரும்படி வக்கீல் சொன்னார். நிபுணர் ஒரு மணி நேரத்துக்கு இருநூறு கேட்டார்.

"அதான் விளம்பரம் குடுத்தேன். நானூறுன்னு நியாயமாத்தான் போட்டேன், முழுசாக் குடுத்திருந்தா அதையே கோர்ட்ல காட்டியிருப்பேன். நீங்க அஞ்சு பேரும் பைசா வாங்காம வந்து, பூவும் கொண்டாந்து, முத்திரை குத்தி எழுதிக் குடுத்தீங்க. நீதிபதியே அசந்துட்டாரு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, அப்புறம் என்ன சந்தேகம்னு கேட்டாரு. பாக்கி பதினேழும் இப்ப எனக்குத்தான். ஒண்ணு தொண்ணூறு கணக்குல அவருக்குப் பாதி குடுத்துட்டேன். போன்ல அழுதாரு."

பதினேழில் ஆறை ஏற்கெனவே சூரிக்கிலிருந்து வந்த ஒருவர் நானூற்று ஐம்பது வீதம் எடுத்துப் போய்விட்டாராம். பேரம் என்று ஒரு சொல்லும் பேசவில்லையாம். "துருவப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லல. பாவம், விவரம் தெரியாதவரு போல."

பிறகு அவர் கம்பளியை விரித்துக் குப்புறப் படுத்தார். பத்துத் தோட்டாக்கள். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துத் தள்ளும் சத்தம், யாரோ அளந்து அளந்து வெங்காயம் நறுக்குவது மாதிரி ஒரே சீராகக் கேட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் போட்டியாளர் என்பதால் வெற்றி செல்லாது என்று உபதலைவர் முணுமுணுத்தார். ரேகுலா அவர் பக்கம் திரும்பினாள். அவர் பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தார்.

ஹோஃபர் அம்மாள் அங்கேயே கத்தி வாங்கி, வந்தவர்களுக்கெல்லாம் அரிந்து கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். நல்ல உப்பு. ட்ரூடி அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். போகும்போது அந்த வக்கீலின் முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான்.

மறுநாளே செயற்குழுவின் அவசரக் கூட்டம் நடந்தது. ஒரே பொருள்: சங்கத்தின் மானம். ஒரு பெண், தன்னந்தனியாகத் துக்கத்தில் இருப்பதாக நம்மை நம்பவிட்டு, நம்முடைய வெள்ளை மனத்தைச் சுரண்டிவிட்டாள் என்று தலைவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். உலகத்தில் நம்பிக்கையே போய்விட்டது என்றார் கொடிதாங்கி. வழக்குத் தொடரலாம் என்றார் உபதலைவர். என்னவென்று தொடர்வது? நானூறு பெறும் பொருளைத் தொண்ணூறுக்குத் தந்து ஏமாற்றிவிட்டார் என்றா?

கடைசியில் மெல்கியோர்தான் நோயின் வேரைக் கண்டுபிடித்தார். தவறு நோக்கத்தில் இல்லை, ஒருங்கிணைப்பில்தான் இருக்கிறது என்றார். ஒரே ஒருவர் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் தனித்தனியாகப் போனதால்தான் இந்த அவலம். அந்த விளக்கம் எங்கள் நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கிவைத்தது. உடனே விதிப் புத்தகத்தில் புதிதாக ஒரு விதி சேர்த்தோம்:

'இனி எந்த உறுப்பினரும் எந்த விதவையிடமும் தனித்துச் சென்று விலை குறைக்கக் கூடாது. செயற்குழுவிடம் எழுத்தில் முன் அனுமதி பெற்று, சங்கத்தின் பெயரால், கூட்டாக மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.'

கொடிதாங்கி கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார். கணவர் உயிரோடு இருந்து, ஆனால் விட்டுவிட்டுப் போய்விட்ட பெண்கள் இந்த விதிக்குள் வருவார்களா? முப்பத்தெட்டுப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். அவர்களைப் பற்றி எங்கும் எதுவும் இல்லை, தனியாகவே போகலாம் என்றேன். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என்னுடையது. தேடிப் பார்த்தாலும் ஒரு மனம்கூடக் கிடைக்காத அந்த அறையில், தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, முத்திரை குத்தினேன்.